குழலின் அடிப்பக்கம்

திருத்தணி
14.5.2024

பரந்தாமன் சாருக்கு,

வணக்கம். நான் நெல்லிமேடு காலனி வேடியப்பன் பொண்ணு மணியம்மை. திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல ஒரு மருந்துக்கடையில வேலை செய்யறேன். உங்களுக்குப் போன் போட்டேன். பேரைச் சொன்னதும் "மீட்டிங்ல இருக்கேன்"னு வச்சிட்டீங்க. அப்புறம் எப்பப் போட்டாலும் ரிங்கே போவல. கோயில்ல தர்மகர்த்தா ஆதிகேசவன் ஐயாகிட்ட நீங்க குடுத்த கார்டுல புனே விலாசம் இருந்துச்சு. தபால்காரர் கையில குடுத்தா கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆவணும், அதான் ரிஜிஸ்டர் தபால்.

அன்னிக்கு நடந்தது உங்களுக்கு ஒரு நாள் வேலை. எங்களுக்கு அப்படி இல்ல. அதனால நடந்தத நானே எழுதிடறேன்.

தீமிதிக்கு வருஷா வருஷம் திரௌபதி அம்மன் கரகத்துக்கு முன்னாடி ஒரு பழைய துப்பாக்கி போவும். சுட வராது, சும்மா தோள்ல சாத்திகினு நடப்பாங்க. உங்க அக்கா வீட்டுக்காரர் ஆனந்தன் ஐயா குடும்பத்து ஆளுங்கதான் தூக்குவாங்க. அவங்க முன்னோர் வெள்ளக்காரன்கிட்ட சண்டை போட்டுப் புடுங்கினதுன்னு ஊர்ல பேச்சு. எங்க வீட்லயும் ஒரு துப்பாக்கி இருக்கு. எங்க முப்பாட்டன் கம்பெனி பட்டாளத்துல இருந்து வந்தப்ப கொண்டாந்ததுன்னு எங்க நைனா சொல்லுவாரு. இந்த வருஷம் காலனி ஜனங்க ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. எங்க துப்பாக்கியும் வரட்டும். பக்கத்துல கூட வேணாம், பின்னாடி வரட்டும்.

ஊர்த்தெருவுல ஒத்துக்கல. அப்பதான் ஆதிகேசவன் ஐயா சொன்னாரு, "ஆனந்தன் மச்சான் புனே மியூசியத்துல பழைய ஆயுதம் பாக்கற வேலைல இருக்காரு. அவரு பாத்து நெஜத் துப்பாக்கின்னா வரட்டும்"னு. எங்க ஆளுங்க தயங்கினாங்க. நைனாதான் மொதல்ல தலையாட்டினாரு. "அந்தப் பக்கத்து உறவா இருந்தா என்ன? படிச்சவரு, இரும்பப் பாத்து பொய் சொல்ல மாட்டாரு"ன்னாரு.

நீங்க கோயில் மண்டபத்துல டார்ச் அடிச்சுப் பாத்தீங்க. மைக்க வாங்கினீங்க. "பட்டாளத்துல குடுக்கற துப்பாக்கி வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்கும். ஆனந்தன் வீட்டுது அப்படி இருக்கு. இன்னொண்ணு உள்ளூர் பட்டறையில அடிச்சது. பழசா தெரியணும்னு மேல வார்னிஷ் பூசியிருக்காங்க"ன்னு சொன்னீங்க.

இப்ப எங்க நைனாவுக்கு ஊர்ல பேரு வார்னிஷ். "வார்னிஷ் வந்துகினு இருக்கான், வழி வுடு"ன்னு டீக்கடையில அவரு காதுபடவே சொல்றாங்க. கரும்பு வெட்டற எடத்துல சின்னப் பசங்க கூட சொல்றாங்க. அவரு யாரையும் ஏமாத்தறதுக்காக அதத் தூக்கிகினு வரல சார். அதுல எதையும் பூசவும் இல்ல. அவரு அப்பா குடுத்தத சாக்குல சுத்தி பரண்ல வச்சிருந்தாரு, அவ்ளோதான்.

நீங்க எதப் பாத்து அப்படிச் சொன்னீங்க? அத மட்டும் எழுதுங்க.

வே. மணியம்மை


புனே
27.5.2024

மணியம்மை அவர்களுக்கு,

தங்கள் பதிவுத் தபால் கிடைத்தது. வேலைப் பளு காரணமாகத் தொலைபேசியில் பேச இயலவில்லை.

பழைய ராணுவத் துப்பாக்கிகளில் உலோகத்தின் மேற்பரப்பு அசலானதா, பிற்காலத்தில் மாற்றப்பட்டதா என்று சொல்வது எளிதல்ல. குழலை மரக்கட்டையிலிருந்து கழற்றி, நல்ல வெளிச்சத்தில் உருப்பெருக்கி வைத்துப் பார்க்க வேண்டும். மண்டபத்தில் அந்த வசதி இல்லை. கூட்டமும் அவசரப்படுத்தியது. அந்தச் சூழலில் எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்.

பொதுவாகச் சொல்வதானால், ஆங்கிலேயப் படைகளில் நெடுங்காலம் துப்பாக்கிகளை மெருகேற்றி வெள்ளையாகவே வழங்கினார்கள். சிப்பாய்கள் செங்கல் தூள் போட்டுத் தேய்த்து அந்தப் பளபளப்பைக் காப்பாற்றுவார்கள். தங்கள் வீட்டுத் துப்பாக்கியின் மேல் காணப்படும் பழுப்பு பிற்காலத்தில் யாரேனும் ஏற்றியதாக இருக்க வாய்ப்பு உண்டு. துப்பாக்கி உண்மையானதாக இருக்கும் பட்சத்தில், அந்தப் பழுப்புக்கு அடியில் அசல் பளபளப்பு இருக்கக்கூடும்.

என் கருத்தை ஊரார் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு நான் பொறுப்பாக முடியாது. தங்கள் தந்தையாரைப் புண்படுத்தும் நோக்கம் எனக்கு இல்லை.

பரந்தாமன்


திருத்தணி
18.6.2024

சார்,

உங்க லெட்டர் கடை விலாசத்துக்கு வந்துச்சு. ஞாயித்துக்கிழமை ஊருக்கு எடுத்துகினு போனேன். நைனா "படி"ன்னாரு. படிச்சேன். பாதி எனக்கே புரியல. "அடியில் அசல் பளபளப்பு இருக்கக்கூடும்"னு எழுதியிருந்தீங்க இல்ல, அந்த எடம் வந்ததும் "இன்னொருவாட்டி படி"ன்னாரு. படிச்சேன். எழுந்து வெளிய போயிட்டாரு.

அடுத்த வாரம் போனா, வாசல்ல சாக்கு விரிச்சு உக்காந்துகினு இருக்காரு. மடியில துப்பாக்கி. பக்கத்துல செங்கல் தூளு, புளி, ஆர்டுவேர் கடையில வாங்கின உப்புத்தாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிஞ்சு போயிருந்துச்சு. என்னப் பாத்ததும் சின்னப் புள்ள மாதிரி சிரிச்சாரு. "மணி, இங்க வந்து பாரு. வெள்ள வந்துகினே இருக்கு பாரு. அந்த சாரு எழுதினது சரிதான்"னாரு.

முக்கால்வாசி முடிஞ்சிருந்துச்சு. நானும் ஒரு துண்டு உப்புத்தாள எடுத்துகினு பக்கத்துல உக்காந்துட்டேன் சார். ரெண்டு பேரும் சேந்துதான் தேச்சோம். மேல ஏதோ எழுத்து வெட்டியிருந்துச்சு. அதுவும் மழுங்கிப் போச்சு. அழுக்கு போவுதுன்னு நெனச்சேன்.

அதத் தொடச்சு, எண்ணெ போட்டு, சட்டை மாத்திகினு உங்க பாவா ஆனந்தன் ஐயா வீட்டுக்குப் போனாரு. நானும் கூடப் போனேன். கேட்டுக்கு வெளிய நின்னு, "ஐயா, பாருங்க. நம்ம துப்பாக்கியும் உங்களுது மாதிரியே வெள்ளதான். அடியில இருந்துச்சு. உங்க மச்சான் சாரே எழுதியிருக்காரு"ன்னு லெட்டரையும் நீட்டினாரு.

ஆனந்தன் ஐயா லெட்டர வாங்கல. துப்பாக்கியப் பாத்தாரு. "ஏன்டா வேடியப்பா, பூசினதச் சொரண்டிட்டு வந்து என்கிட்டயே காட்டறியா? எந்த இரும்பத் தேச்சாலும் வெள்ளையாத்தான்டா ஆவும். உன் வூட்டு அருவாளத் தேச்சாலும் ஆவும்"னாரு. அங்க இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. எங்க நைனாவுக்கு அறுபத்து நாலு வயசு. உங்க அக்கா தமிழ்செல்வி அம்மா ஜன்னல் கிட்ட நின்னுகினு இருந்தாங்க. அவங்க சிரிக்கல.

நைனா இப்ப டீக்கடைப் பக்கமே போறதில்ல. வேலைக்குப் போவணும்னா கூட ஏரிக்கரைய சுத்திகினு போறாரு. சாப்பாட்டுத் தட்டுல கைய வச்சிகினு அப்படியே உக்காந்திருக்காருன்னு அம்மா சொல்லுது.

இப்ப வெள்ளையா ஆயிடுச்சே சார். நெஜத் துப்பாக்கியா ஆயிடுச்சா?

மணியம்மை


புனே
29.6.2024

மணியம்மைக்கு,

உன் கடிதத்தை, மன்னிக்கணும், உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நாலு நாள் எதுவும் எழுத முடியவில்லை. புத்தகத் தமிழில் எழுதினா மறுபடியும் ஒளிஞ்சிக்குவேன்னு தெரியுது. பேசற மாதிரியே எழுதறேன்.

எனக்குத் தெரியும். மண்டபத்துல டார்ச் அடிச்ச உடனே தெரிஞ்சிடுச்சு. உங்க துப்பாக்கி நெஜம். நீங்க "எதப் பாத்து சொன்னீங்க"ன்னு கேட்டீங்க. நான் பாத்ததையும், அதுக்கு நேர்மாறா சொன்னதையும் எழுதறேன்.

குழல் மேல வெட்டியிருந்த எழுத்துக்குள்ளயும் அதே பழுப்பு ஓடியிருந்துச்சு. சுடற விசை இருக்கற பூட்டுத் தகட்டுல கம்பெனி முத்திரையான சிங்கம் நின்னுகினு இருந்துச்சு. இடது கை புடிக்கற எடத்துல மட்டும் பழுப்பு மெல்லிசா தேஞ்சு போயிருந்துச்சு. வார்னிஷா இருந்தா செதில் செதிலா உரியும். இது உரியல. கை பட்டுப் பட்டுத் தேஞ்சிருந்துச்சு. எத்தனையோ வருஷம் ஒரு மனுஷன் புடிச்ச எடம் அது.

அந்தப் பழுப்பு பூச்சே இல்ல. இரும்ப மருந்து தடவி ஈரமான அறையில வச்சு வேணும்னே துருப்பிடிக்க விடுவாங்க. கம்பி பிரஷ்ஷால தேச்சிட்டு மறுபடியும் துருப்பிடிக்க விடுவாங்க. அப்படி நாள் கணக்கா வளத்து, கொதிக்கற தண்ணியில போட்டு அந்தத் துருவை நிறுத்தி, மெழுகு தேச்சு எடுப்பாங்க. வெயில்ல குழல் பளிச்சுன்னு மின்னி எதிரிக்குக் காட்டிக்குடுக்கக் கூடாது, மழையில கெட்டுப்போகக் கூடாதுன்னு செஞ்ச ஏற்பாடு. வெள்ளையா குடுத்தாங்கன்னு நான் எழுதினது அதுக்கு முந்தின காலத்துத் துப்பாக்கிங்களுக்குப் பொருந்தும். உங்க வீட்டுது பிந்தினது. அது பழுப்பாத்தான் வந்துச்சு. நான் உங்களுக்கு ஒரு உண்மையை எழுதி அதாலயே பொய் சொன்னேன். மைக்ல சொன்னதவிட அது மோசம். மைக்ல வாய் தவறிச்சுன்னாவது சொல்லலாம். கடிதத்த ரெண்டு தடவ திருத்தி எழுதினேன்.

எங்க அப்பா செத்த பிறகு என்னை வளத்தது ஆனந்தன் பாவாதான். அன்னிக்குக் காலையில அக்கா இட்லி வச்சுகினு இருந்தாங்க. பாவா பக்கத்துல உக்காந்து, "மச்சான், அவங்களும் நம்மளும் ஒண்ணாப் போறதா?"ன்னு மட்டும் கேட்டாரு. பொய் சொல்லுன்னு கேட்டிருந்தா எனக்குக் கோவமாவது வந்திருக்கும். கேக்காமயே செஞ்சேன்.

பாவா வீட்டுத் துப்பாக்கி ஏன் வெள்ளையா இருக்குன்னும் எனக்குத் தெரியும். வருஷா வருஷம் தீமிதிக்கு முன்னாடி புளியும் சாம்பலும் போட்டு அதத் தேப்பாங்க. பள்ளிக்கூட நாள்ல நானும் தேச்சிருக்கேன்.

உங்க நைனா தேச்சதுல எல்லாமே போயிடல. துப்பாக்கியத் தேக்கறவங்க யாரும் தேக்க முடியாத எடம் ஒண்ணு இருக்கு. குழலோட அடிப்பக்கம். அது மரக்கட்டைக்குள்ள புதைஞ்சிருக்கும். நாங்க சந்தேகம் வந்தா மொதல்ல அங்கதான் பாப்போம். கழட்டினா அசல் பழுப்பு அங்க அப்படியே இருக்கும்னு நம்பறேன். நீங்க கழட்ட வேணாம், மரம் பிளந்துக்கும். அனுமதி குடுத்தா நான் வரேன்.

இனிமே அதுமேல எதையும் தேக்க வேணாம். இத நான் மே மாசமே எழுதியிருக்கணும்.

பரந்தாமன்


திருத்தணி
9.7.2024

சார்,

உங்க லெட்டர நைனாவுக்கு முழுசாப் படிச்சேன். கம்பி பிரஷ்ஷு, கொதிக்கற தண்ணி எல்லாத்தையும் படிச்சேன். முடிஞ்சதும், "அப்ப நான் தேச்சு எடுத்தது அழுக்கு இல்லையா?"ன்னு கேட்டாரு. இல்லன்னேன். தன் கைய ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

நீங்க வர்றது அவருக்கு வேணாமாம். "அந்தாளு மறுபடி வந்து பாத்தா மறுபடி ஒண்ணு சொல்லுவாரு. போதும்"ன்றாரு. துப்பாக்கிய சாக்குல கட்டிப் பரண்ல போட்டாச்சு.

ஆனா எனக்கு வேணும். நான் மூணு விஷயம் சொல்றேன். எங்க வீட்டுக்குள்ள வந்து கழட்டிப் பாத்துட்டு காதுல சொல்லிட்டுப் போறதா இருந்தா வர வேணாம். அதே மண்டபம், அதே மைக்கு, அதே ஜனங்க. எங்களுத மட்டும் கழட்டக் கூடாது, அவங்களுதையும் கழட்டணும். என்ன இருக்கோ அத நாங்களே கண்ணால பாக்கணும், நீங்க சொல்லி நாங்க நம்பற மாதிரி இருக்கக் கூடாது.

இன்னொண்ணும் எழுதிடறேன். உங்ககிட்ட மட்டும்தான் எழுத முடியுது, ஏன்னு தெரியல. அன்னிக்கு மண்டபத்துல நீங்க வார்னிஷ்னு சொன்னப்ப நான் உங்களத்தான் நம்பினேன். எங்க நைனா மூஞ்சியப் பாக்கல. கீழ குனிஞ்சுகினு, "இந்தக் கெழவன் எதுக்கு நம்மள இப்படிக் கூட்டத்துல நிறுத்தினான்"னு நெனச்சேன். அவரு என்னைத் தேடிப் பாத்தாராம். அம்மா அப்புறம் சொல்லுச்சு. நான் பாக்கல. உங்களுக்கு மொதல் லெட்டர் எழுதினப்ப கூட உள்ளுக்குள்ள பாதி சந்தேகம் இருந்துச்சு. சண்டை போடற மாதிரி எழுதினதே அத மறைக்கத்தான்.

இத அவருகிட்ட சொல்லல. சொல்லவும் மாட்டேன்.

மணியம்மை


புனே
20.7.2024

மணியம்மைக்கு,

மூணும் நியாயம். மூணுக்கும் ஒத்துக்கறேன்.

பாவாவுக்குப் போன் போட்டேன். நான் சொன்னத முழுசாக் கேட்டாரு. "ஊரு முன்னாடி என் வாயில மண்ணப் போடறதுக்கா உன்ன வளத்தேன்?"னாரு. அக்கா போன வாங்கி, "நீ இங்க வர வேணாம்டா"ன்னு சொல்லிட்டு வச்சிட்டாங்க. அதுக்கப்புறம் எடுக்கறதில்ல. உங்க போன நான் எடுக்காம இருந்தப்ப உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு இப்பத் தெரியுது.

ஆதிகேசவன் ஐயாவுக்குத் தனியா எழுதினேன். சாமிக்கு முன்னாடி போற பொருளு கோயிலுக்குக் கட்டுப்பட்டது, அதக் கொண்டுவரச் சொல்ல தனக்கு உரிமை இருக்குன்னு பதில் வந்துச்சு. அவருக்கும் அன்னிலேருந்து மனசு சரியில்லையாம். கிருத்திகைக் காவடிக் கூட்டம் ஓயட்டும், ஆகஸ்ட் பதினொண்ணு ஞாயித்துக்கிழமை வைக்கலாம்னு சொல்லியிருக்காரு.

அரக்கோணத்துல இறங்கி லோக்கல் ட்ரெய்ன்ல வரேன். மலையடிவாரத்துல லாட்ஜ்ல தங்கிக்கறேன். உங்க நைனா வரணும்னு கட்டாயம் இல்ல. துப்பாக்கி வந்தா போதும். ஆனா அவரு வந்தா நல்லாருக்கும்.

நீங்க கடைசியில எழுதினத என்னோடவே வச்சுக்கறேன். ஒண்ணு மட்டும் சொல்றேன். நீங்க நம்பினது என் படிப்ப. அத அழுக்காக்கினது நான். அதுக்கு நீங்க குனிய வேணாம்.

பரந்தாமன்


திருத்தணி
16.8.2024

பரந்தாமன் சாருக்கு,

நீங்க வேலை முடியற வரைக்கும் தலையத் தூக்கவே இல்ல. அதனால நீங்க பாக்காதது நெறைய இருக்கு.

"சித்திரையில இதே எடத்துல நான் சொன்னது பொய். தெரிஞ்சே சொன்னது"ன்னு நீங்க மைக்ல சொன்னப்ப ஊர்த்தெரு பொம்பளைங்க பக்கத்துல கசகசன்னு பேச்சு எழும்பிச்சு. உங்க அக்கா முந்தானையால வாயப் பொத்திகினு எழுந்து போனாங்க. ஆனந்தன் ஐயா போவல. கால் மேல கால் போட்டுகினு அப்படியே உக்காந்திருந்தாரு.

நைனா வர மாட்டேன்னுதான் சொல்லிகினு இருந்தாரு. நானும் அம்மாவும் துப்பாக்கியத் தூக்கிகினு வந்துட்டோம். நீங்க ஆணியெல்லாம் தட்டி எடுத்து, பின்னாடித் திருகைக் கழட்டறப்ப திரும்பிப் பாக்கறேன், மதிலுக்கு வெளிய நின்னுகினு இருக்காரு. குழல் மரத்த விட்டு வெளிய வர மாட்டேன்னு அடம் புடிச்சுதே, அப்ப உள்ள வந்துட்டாரு. நீங்க அதத் திருப்பிக் காட்டினப்ப உங்களுக்கு நேர் பின்னாடிதான் நின்னாரு.

மேல தகரம் மாதிரி வெள்ள. அடியில நாவப்பழக் கறை மாதிரி அப்படியொரு பழுப்பு, வழுவழுன்னு. நடுவுல கோடு கிழிச்ச மாதிரி ரெண்டும் பிரிஞ்சு நின்னுச்சு. அந்தக் கோட்டப் பாத்ததும் நைனா கண்ண மூடிகினாரு. அவருக்கு அது நெஜத் துப்பாக்கின்னு தெரிஞ்ச சந்தோஷம் இல்ல சார். தான் எவ்ளோ தூரம் தேச்சிருக்கோம்னு தெரிஞ்சது.

அப்புறம் அவங்களுது. அதுக்கும் அடியில அதே பழுப்பு. அதே நெறம், அதே கோடு. "ரெண்டும் ஒரே ஆயுதச்சாலையில, ஒரே மாதிரி செஞ்சு வந்தது. ரெண்டும் கம்பெனி சிப்பாய்க்குக் குடுத்தது. இந்த ஊருக்கு எப்படி வந்துச்சுன்னு இரும்பு சொல்லாது, நானும் சொல்ல மாட்டேன்"னு சொன்னீங்க. ஆனந்தன் ஐயா எழுந்து வந்தாரு. அவங்க குழல் அடியில ஒரு விரல வச்சுத் தேச்சாரு. விரல்ல ஏதாவது ஒட்டுதான்னு பாத்தாரு. ஒண்ணும் ஒட்டல. அப்புறம் எங்க குழல்லயும் அதே மாதிரி தேச்சுப் பாத்தாரு. வண்டிய எடுத்துகினு போயிட்டாரு.

நீங்க போன பிறகு நடந்தது இது. ஊர்ல கூடிப் பேசி, வர்ற வருஷத்துலேருந்து தீமிதிக்கு எந்தத் துப்பாக்கியும் வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்க. எங்களோட ஒண்ணா வர்றதுக்கு ரெண்டும் வராம இருக்கறது தேவலையாம். ஆதிகேசவன் ஐயா மட்டும் ஒத்துக்கலன்னு கேள்வி.

துப்பாக்கிய மறுபடியும் பழுப்பாக்கித் தரேன், யாராலயும் வித்தியாசம் கண்டுபுடிக்க முடியாதுன்னு நீங்க நைனாகிட்ட சொன்னீங்க இல்ல. அவரு வீட்ல யோசிச்சு பதில் சொல்லச் சொன்னாரு. வேணாமாம். "அது பொறந்த பழுப்பு. இப்ப ஏத்தினா அது என் பழுப்பா, உன் சாரோட பழுப்பா? அப்பதான் நான் நெஜமாவே பூசினவன் ஆயிடுவேன். தேச்சவன் தேச்சவனாவே இருந்துட்டுப் போறேன்"றாரு. குழல மாட்டி எண்ணெ போட்டு வச்சிருக்கோம். பரண்ல இல்ல, சுவத்துல.

கடைசியா ஒண்ணு கேக்கணும். கேக்கலாமா வேணாமான்னு அஞ்சு நாளா யோசிச்சேன்.

எல்லாம் முடிஞ்சதும் நைனா உங்க கிட்ட வந்து, "வீட்டுக்கு வந்து ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க சார்"னாரு. ஊர்த்தெரு மனுஷர் ஒருத்தர அவரு வீட்டுக்குக் கூப்பிட்டது அவரு ஆயுசுல அதான் மொதவாட்டி. நீங்க கையெடுத்துக் கும்பிட்டு, "இல்லண்ணே, ட்ரெய்னுக்கு நேரமாச்சு"ன்னு சொல்லிட்டு ஆட்டோவுல ஏறிட்டீங்க. உங்க ட்ரெய்னு சாயங்காலம்தான்னு எனக்குத் தெரியும் சார், நான் திருத்தணியிலதானே இருக்கேன். அம்மா பால் வாங்கிக் காய்ச்சி வச்சிருந்துச்சு. புது டம்ளர் எடுத்து வெளக்கி வச்சிருந்துச்சு. நைனா அந்தப் பால அப்படியே பூனைக்கு ஊத்தச் சொல்லிட்டாரு.

நீங்க வராதது வெக்கத்துலயா, இல்ல வேறயா? எங்களுக்கு வெளியில இருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது.

மணியம்மை


புனே
26.8.2024

மணியம்மைக்கு,

"வெக்கம்தான்"னு ஒரு வரி எழுதிட்டு, அந்தத் தாளக் கிழிச்சிட்டு இத எழுதறேன்.

வெக்கம் இருந்தது நெஜம். உங்க நைனா கையால டம்ளர வாங்கற தகுதி எனக்கு இல்லன்னு தோணிச்சு. தேச்சுத் தழும்பு விழுந்த அந்த விரலப் பாத்துட்டு எப்படிக் குடிக்கறது? ஆட்டோவுல ஏறி மலையடிவாரத்துல இறங்கி, படிக்கட்டு ஓரமா சாயங்காலம் வரைக்கும் சும்மாதான் உக்காந்திருந்தேன். பசிச்சுது. சாப்பிடல.

ஆனா நான் நெல்லிமேட்டுலதான் வளந்தேன். ஸ்கூலுக்குப் போனதும் அங்கேருந்துதான். அத்தன வருஷத்துல ஒரு நாள் கூட காலனிக்குள்ள கால் வச்சதில்ல. வெக்கப்பட ஒண்ணுமே இல்லாத காலத்துலயும் வந்ததில்ல. யாரும் போகாதேன்னு சொன்னதா கூட நினைவு இல்ல. கால் அந்தப் பக்கம் திரும்பாது, அவ்வளவுதான். அன்னிக்கு என் கால ஆட்டோ பக்கம் திருப்பினது வெறும் வெக்கம்தான்னு எழுதினா, அது உங்களுக்கு நான் சொல்ற மூணாவது பொய்.

ரெண்டும் இருந்துச்சு. எது எவ்வளவுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியல. இரும்பா இருந்தா சொல்லியிருப்பேன்.

வேடியப்பன் அண்ணன் சொன்ன பதில் சரி. நான் திருப்பிப் பழுப்பேத்தித் தரேன்னு சொன்னது கூட, நான் செஞ்சது வெளிய தெரியாம போகட்டும்ன்ற ஆசைதான். இப்பதான் புரியுது.

அக்கா இன்னும் பேசல. பேசற வரைக்கும் போட்டுகினே இருப்பேன்.

செப்டம்பர் பதினஞ்சு ஞாயித்துக்கிழமை. துப்பாக்கி பாக்க இல்ல, மைக்கும் இல்ல. உங்க வீட்டுக்கு மத்தியான சாப்பாட்டுக்கு நான் வரலாமான்னு அண்ணனையும் அம்மாவையும் கேட்டு எழுதுங்க. கூப்பிட்டப்ப வராதவன் தானா கேக்கறது அசிங்கம்தான். வேணாம்னு சொன்னா அது அவங்க உரிமை. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்.

பரந்தாமன்


திருத்தணி
3.9.2024

சார்,

நைனாவுக்குப் படிச்சுக் காட்டினேன். கால் திரும்பாதுன்னு எழுதியிருந்தீங்களே, அந்த எடத்த ரெண்டாவது தடவ படிக்கச் சொன்னாரு. எழுந்து வெளிய போயிட்டாரு. எனக்கு பயமாப் போச்சு.

கொஞ்ச நேரம் கழிச்சு வந்து, "அந்த சாரு கருவாடு துன்னுவாரான்னு கேட்டு எழுது"ன்னாரு.

துன்னுவீங்களா?

மணியம்மை